கால்பந்து விவாதத்தில் கால் ஊன்றிப் பேசுவது எப்படி: டிரான்ஸ்ஃபர், அணிப் பட்டியல், விஏஆர்

2023 ஜனவரி 31 அன்று இங்கிலாந்தில் இரவு 11 மணிக்கு, வீரர்கள் கிளப் மாறுவதற்கான டிரான்ஸ்ஃபர் காலம் முடிந்தபோது இங்கே மறுநாள் விடியற்காலை நான்கரை மணி. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்த வேளையிலும் ஏழெட்டுப் பேர் விழித்திருந்தோம். பென்ஃபிகா கிளப்பின் என்சோ ஃபெர்னாண்டஸ் 10.68 கோடி பவுண்டுக்குச் செல்சிக்கு வருகிறார் என்ற செய்தி உறுதியானதும், "ஒரே ஆளுக்கு இத்தனை கோடியா, கிளப் திவால்தான்" என்று ஒருவர் எழுதினார். "எட்டரை வருட ஒப்பந்தம் அண்ணே, வருடத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள்" என்று இன்னொருவர் எழுதினார். பால் பாக்கெட் வாசலில் விழும்வரை அந்தச் சண்டை ஓயவில்லை. இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. ஒருவர் கிளப்பின் கையை விட்டுப் போகும் பணத்தைப் பற்றிப் பேசினார். மற்றவர் ஆண்டுக் கணக்கில் ஏறும் செலவைப் பற்றிப் பேசினார். தாங்கள் வேறுவேறு கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது மட்டும் இருவருக்கும் தெரியவில்லை.

இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக்கை இரண்டு மூன்று பருவங்களாகப் பார்த்து வருபவர்கள், நண்பர்களிடம் வாதாடும்போது இந்தக் குழப்பத்தில் சிக்காமல் இருப்பதற்காக இதை எழுதுகிறேன். வாய் திறப்பதற்கு முன் 'இப்போது எதைத் தீர்மானிக்கிறோம்' என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால், டிரான்ஸ்ஃபரானாலும் அணித் தேர்வானாலும் விஏஆர் எனப்படும் காணொளி நடுவர் முறையானாலும், பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதியைத் தாராளமாகச் சண்டை போட்டே தீர்த்துக்கொள்ளலாம்.

செய்தியின் வினைச்சொல்லைப் பாருங்கள்

ஒரு வீரர் கிளப் மாற வேண்டுமானால் விற்பவர், வாங்குபவர், வீரர் ஆகிய மூன்று தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதன்பின் மருத்துவப் பரிசோதனை முடிந்து, கெடு நேரத்துக்குள் பதிவும் நடக்க வேண்டும். ஒரு செய்தி இந்தப் படிகளில் எந்தப் படியைச் சொல்கிறது என்பதை அதன் வினைச்சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். 'ஆர்வம் காட்டுகிறது' என்றால் ஏறக்குறைய ஒன்றும் நடக்கவில்லை என்று பொருள். வீரரின் ஏஜெண்டு பழைய கிளப்பிடம் சம்பள உயர்வு கேட்பதற்கு முன்பும், விற்க நினைக்கும் கிளப் இரண்டாவது ஏலதாரரைத் தேடும்போதும் இத்தகைய செய்திகள் மழைக்கால ஈசல்போல் கிளம்பும். 'வீரருடன் பேச்சு முடிந்தது' என்றால் சம்பளம் பேசி முடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். உக்ரைனின் ஷக்தார் டோனெட்ஸ்க் அணியில் இருந்த மைக்கைலோ முத்ரிக் ஆர்செனலுக்குத்தான் போகப்போகிறார் என்று 2023 ஜனவரித் தொடக்கத்தில் ஊரே நம்பியது. அவரும் அப்படித்தான் குறிப்புக் காட்டிக்கொண்டிருந்தார். ஷக்தார் கேட்ட விலைக்குச் செல்சி இணங்கியதும், அந்த மாதம் 15ஆம் தேதி அவர் செல்சி வீரராக அறிவிக்கப்பட்டார். வீரரின் விருப்பம் மூன்று சாவிகளில் ஒன்றுதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

'கிளப்புகளிடையே உடன்பாடு' என்று நம்பகமான செய்தியாளர் எழுதினால் மகிழலாம்; ஆனால் அவர் பெயர் போட்ட சட்டையை வாங்கிவிடாதீர்கள். ஃபுல்ஹாம் அணியின் ஜோவாவோ பாலின்யா 2023 கோடைக் காலத்தின் கடைசி நாளில் பேயர்ன் அணியில் சேர மியூனிக் நகரத்துக்கே போய்விட்டார். அவருக்குப் பதிலாக வேறொருவரை ஃபுல்ஹாமால் அந்தக் கடைசி மணி நேரங்களில் பிடிக்க முடியவில்லை. ஆள் வெறுங்கையோடு லண்டன் திரும்பினார். பேயர்ன் அணிக்கு அவர் போய்ச் சேர்ந்தது அடுத்த கோடையில். 2015 ஆகஸ்ட் 31 அன்று மான்செஸ்டர் யுனைடெட் கோல்கீப்பர் டேவிட் டி ஹியா ரியல் மாட்ரிட்டுக்குப் போவதாக எல்லாம் முடிவாகியும், உரிய ஆவணங்கள் ஸ்பெயினின் நள்ளிரவுக் கெடுவுக்குள் போய்ச் சேரவில்லை. இரு கிளப்புகளும் ஒன்றின்மேல் ஒன்று பழிபோட்டுக்கொண்டன; அவர் மான்செஸ்டரிலேயே தங்கி, அதன்பின் எட்டு ஆண்டுகள் ஆடினார்.

நான் செய்துவரும் ஒரு காரியத்தைப் பரிந்துரைக்கிறேன். கோடு போட்ட சாதாரண நோட்டு ஒன்றில், ஒரு பக்கத்துக்கு ஒரு வீரர் என்று வைத்து, தேதி, செய்தியை எழுதியவர், அவர் பயன்படுத்திய வினைச்சொல், கடைசியில் நடந்தது ஆகிய நான்கையும் எழுதி வாருங்கள். ஒரே ஒரு டிரான்ஸ்ஃபர் காலம் முடிவதற்குள் யாருடைய பேச்சு எந்தக் கிளப்பைப் பற்றி மட்டும் நம்பத்தக்கது என்பது உங்கள் கையெழுத்திலேயே தெரிந்துவிடும். என் நோட்டில் நானே மிகவும் நம்பிய ஒருவரின் பெயருக்கு எதிரே வரிசையாக 'நடக்கவில்லை' என்று எழுதியிருப்பதைப் பார்த்த பிறகுதான், அவரை நான் நம்பியது அவர் என் அணிக்கு இனிப்பான செய்தி சொன்னதால் என்பது எனக்கே உறைத்தது.

ஒப்பந்தத்தில் உள்ள விடுவிப்புத் தொகையை, அதாவது செலுத்தினால் கிளப் வீரரை விட்டாக வேண்டிய தொகையை, பற்றிப் பேசும்போது கூடுதல் கவனம் வேண்டும். 2017இல் பாரிஸ் அணி 22.2 கோடி யூரோவை முழுதாகச் செலுத்தி நெய்மாரை எடுத்துச் சென்றபோது, பார்சிலோனா விரும்பியிருந்தாலும் தடுத்திருக்க முடியாது. ஸ்பெயின் ஒப்பந்தங்களில் அந்த வழி திறந்தே இருக்கும். இங்கிலாந்தில் அது ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். இருந்தாலும் அதன் சொற்கள்தான் முக்கியம். 2013 ஜூலையில் ஆர்செனல், லூயிஸ் சுவாரஸுக்கு நான்கு கோடியே ஒரு பவுண்டு என்று ஏலம் கேட்டது. நான்கு கோடியைத் தாண்டினால் லிவர்பூல் விட்டுக்கொடுத்தாக வேண்டும் என்று ஆர்செனல் நம்பியதால் அந்த ஒற்றைப் பவுண்டு சேர்ந்தது. லிவர்பூல் அசையவில்லை. ஓர் ஆண்டு கழித்து அவரைப் பார்சிலோனாவுக்கு அதைவிட மிக அதிக விலைக்கு விற்றது. அந்த ஒரு பவுண்டைச் சொல்லி ஆர்செனல் ரசிகர்களை இன்றும் சீண்டுகிறார்கள்.

பணத்தை இரண்டு நோட்டில் எழுதுங்கள்

வாங்கிய விலையை ஒரு கிளப் ஒரே ஆண்டின் செலவாக எழுதுவதில்லை. ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பங்கிட்டு எழுதுகிறது. ஒரு வீரரை 10 கோடி பவுண்டுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வாங்கினால் ஆண்டுக்கு 2 கோடி செலவு ஏறும். இரண்டு ஆண்டு கழித்துப் புத்தகத்தில் அவருடைய மதிப்பு 6 கோடி. அப்போது அவரை 7 கோடிக்கு விற்றால் ரசிகர் கண்ணுக்கு 3 கோடி நட்டம். கணக்குப் புத்தகத்திலோ 1 கோடி லாபம். இந்த ஒரு கணக்கைக் காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பார்த்தவர், 'முட்டாள்தனமாக விற்றுவிட்டார்கள்' என்ற வாக்கியத்தை அவசரப்பட்டு எழுத மாட்டார்.

செல்சியின் எட்டரை ஆண்டு ஒப்பந்தத்தின் உட்பொருளும் இதுதான். அதே 10 கோடியை எட்டு ஆண்டுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 1.25 கோடிதான் ஏறும். இந்த ஓட்டையைக் கண்ட ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏ, எத்தனை ஆண்டு ஒப்பந்தமானாலும் ஐந்து ஆண்டுக்குள் பங்கிட்டு முடிக்க வேண்டும் என்று 2023 கோடையில் விதி கொண்டுவந்தது. பிரீமியர் லீக் கிளப்புகளும் அதே ஆண்டு டிசம்பரில் அவ்வாறே வாக்களித்தன. ஆகவே 2023 ஜனவரி ஒப்பந்தத்தையும் இன்றைய ஒப்பந்தத்தையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. நீண்ட ஒப்பந்தத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. வீரர் சோபிக்காமல் போனால், அந்தச் சம்பளத்தை வேறு எந்தக் கிளப்பும் தரத் துணியாது. அவரும் கிளம்ப மாட்டார். சேமிப்பு என்று கொண்டாடியது அப்போது சுமையாகிவிடும்.

கிளப்பின் சொந்தப் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்தவருக்குப் புத்தக மதிப்பு பூஜ்யம். எனவே அவரை விற்கும் தொகை முழுவதும் லாபமாகவே எழுதப்படுகிறது. சிறுவயது முதல் மான்செஸ்டர் சிட்டியில் வளர்ந்த கோல் பால்மர் 2023இல் 4 கோடி பவுண்டுக்குச் செல்சிக்குப் போனதையும், செல்சியிலேயே வளர்ந்த மேசன் மவுண்ட் அதே கோடையில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனதையும் இந்த வெளிச்சத்தில் பாருங்கள். வீட்டுப் பிள்ளையை விற்பதற்கு விதியே வெகுமதி தருகிறது என்பது இந்த முறையின் பெரிய கோணல் என்றே நான் நினைக்கிறேன். ரசிகர்கள் கிளப் நிர்வாகத்தைத் திட்டும் அளவுக்கு இந்த விதியைத் திட்டுவதில்லை.

மூன்று ஆண்டுகளில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நட்டம் கூடாது என்ற பிரீமியர் லீக் விதியின்கீழ் எவர்ட்டன் அணி 2023 நவம்பரில் 10 புள்ளிகளை இழந்தது. மேல்முறையீட்டில் அது 6 ஆகக் குறைந்தது. பின்னர் அதே பருவத்தில் வேறொரு காலக்கணக்குக்காக மேலும் 2 புள்ளிகள் போயின. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டின் கதை இன்னும் படிப்பினை மிக்கது. அங்கேயே வளர்ந்த பிரெனன் ஜான்சனை அந்தக் கிளப் 2023 செப்டம்பர் 1 அன்று டோட்டன்ஹாமுக்கு 4.75 கோடி பவுண்டுக்கு விற்றது. கணக்காண்டு ஜூன் 30 அன்றே முடிந்துவிட்டது. பொறுத்திருந்ததால்தான் நல்ல விலை கிடைத்தது, அவசரமாக விற்றிருந்தால் குறைந்த விலையே வந்திருக்கும் என்று கிளப் வாதிட்டது. வணிகமாகப் பார்த்தால் அது சரியான வாதம். விசாரணைக் குழு அதை ஏற்கவில்லை. 2024 மார்ச்சில் 4 புள்ளிகள் பறிபோயின. ஜூன் மாதத்தில் ஒரு கிளப் ஏன் அவசர அவசரமாக ஆளை விற்கிறது என்று யாராவது கேட்டால், இந்தத் தேதியை நினைவுபடுத்துங்கள். 2025 நவம்பரில் கிளப்புகள் வாக்களித்து, 2026–27 பருவம் முதல் அணிச் செலவைக் கால்பந்து வருவாயின் 85 விழுக்காட்டுக்குள் வைக்கும் புதிய முறைக்கு மாற முடிவு செய்துவிட்டதால், எந்தப் பருவத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

விலையின் ஒரு துண்டு யார் கண்ணுக்கும் தெரியாமல் வேறிடம் போகிறது. ரசிகர்கள் இதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். ஃபிஃபா விதிப்படி, ஒப்பந்தக் காலத்துக்குள் வீரர் வேறு நாட்டுக் கிளப்புக்கு மாறினால் தொகையில் 5 விழுக்காடு, அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும். 12 முதல் 15 வயது வரையிலான நான்கு பருவங்களும் ஒரே சிறிய கிளப்பில் கழிந்திருந்தால், 10 கோடி பவுண்டு டிரான்ஸ்ஃபரில் அந்தக் கிளப்புக்கு 10 லட்சம் பவுண்டு கிடைக்கும். தெருவோர மைதானம் ஒன்றுக்கு அது பல ஆண்டுச் செலவு.

அணியைப் பற்றிப் பேசுமுன் பட்டியல் போடுங்கள்

'நமக்கு ஒரு ஸ்ட்ரைக்கர் (கோல் போடும் முன்கள வீரர்) வேண்டும்' என்பது கருத்தல்ல, ஆசை. அதைக் கருத்தாக்க ஒரு முழுத்தாள் போதும். இடப்பக்கத்தில் ஆடும் இடங்களையும், ஒவ்வோர் இடத்துக்கும் இருவர் பெயரையும் எழுதி, பெயருக்கு எதிரே வயது, ஒப்பந்தம் முடியும் ஆண்டு, சென்ற பருவத்தில் ஆடிய நிமிடங்கள், உள்நாட்டில் பயிற்சி பெற்றவரா என்ற நான்கையும் குறியுங்கள். ஓட்டை எங்கே என்பது தானே கண்ணில் படும். பல சமயம் அது ஸ்ட்ரைக்கர் இடமாக இராது.

கடைசிக் கட்டம்தான் பலரும் தவறவிடுவது. பிரீமியர் லீக்கில் ஒரு கிளப் 21 வயதுக்கு மேற்பட்ட 25 பேரைப் பதியலாம். அவர்களில் உள்நாட்டுப் பயிற்சி பெறாதவர்கள் 17 பேரைத் தாண்டக் கூடாது. 17 வெளியாரும் 5 உள்நாட்டாரும் இருந்தால் பட்டியல் 22இல் நின்றுவிடும். மீதி மூன்று இடங்கள் காலியாகவே கிடக்கும். 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. 'உள்நாட்டார்' என்பது குடியுரிமையைக் குறிப்பதன்று. 21 வயதுக்கு முன் இங்கிலாந்து அல்லது வேல்ஸ் கிளப்பில் மூன்று பருவங்கள் பதிவாகி இருந்தால் போதும் என்பதால், 2003இல் 16 வயதில் ஆர்செனலுக்கு வந்த ஸ்பெயின் நாட்டவரான செஸ்க் ஃபாப்ரிகாஸ் இக்கணக்கில் உள்நாட்டார்தான். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறியபின் 18 வயதுக்குட்பட்ட வெளிநாட்டுச் சிறுவர்களை ஒப்பந்தம் செய்ய முடியாததால் அந்த வழி இன்று அடைபட்டுவிட்டது.

பணம் இருந்தும் பட்டியல் இடம் கொடாமல் போவதற்கு மறுபடியும் அதே 2023 ஜனவரிச் செல்சியைத்தான் காட்ட வேண்டும். அந்த மாதத்தில் எட்டுப் பேரைக் கொண்டுவந்தார்கள். ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் பட்டியலில் குரூப் சுற்றுக்குப் பின் புதிதாக மூவரைத்தான் சேர்க்கலாம் என்பதால் என்சோ, முத்ரிக், ஜோவாவோ ஃபெலிக்ஸ் ஆகியோர் உள்ளே போக, ஏற்கெனவே பட்டியலில் இருந்த அவ்பமெயாங் வெளியேற்றப்பட்டார். அப்போதுதான் வாங்கப்பட்ட பின்கள வீரர் பாடியாஷீலுக்கும் இடமில்லை. ஒரு வீரர் ஏன் ஆடவில்லை என்று பயிற்சியாளரைத் திட்டுவதற்கு முன் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

அணி கட்டுவதற்கு எடுத்துக்காட்டாக எல்லோரும் சொல்வது லிவர்பூலை: பிலிப் கூட்டினோவைப் பார்சிலோனாவுக்கு விற்ற 14.2 கோடி பவுண்டில் பின்கள வீரர் வர்ஜில் வான் டைக்கையும் கோல்கீப்பர் அலிசனையும் வாங்கினார்கள் என்பார்கள். கதை பொதுவாகச் சரி. தேதிகளைப் பார்த்தால்தான் அதன் உள்ளே இருப்பது தெரியும். வான் டைக் ஒப்பந்தம் 2017 டிசம்பர் 27 அன்றே அறிவிக்கப்பட்டுவிட்டது. கூட்டினோ போனது 2018 ஜனவரியில்தான். வான் டைக்கைப் பெற லிவர்பூல் அதற்கு முந்தைய கோடையிலேயே முயன்று கை நழுவவிட்டிருந்தது. இரண்டாம் தேர்வு ஒன்றைப் பிடித்துவராமல் அரைப் பருவம் காத்திருந்தார்கள் என்பதுதான் இதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அலிசன் வந்ததோ, 2018 மே மாதம் கீவ் நகரில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் கோல்கீப்பர் லோரிஸ் கேரியஸின் தவறுகளால் தோற்ற பிறகு. அடுத்த ஆண்டு அதே கோப்பை, 2020இல் லீக். வந்த பணம் மட்டும் அணியைக் கட்டிவிடவில்லை. எந்த இடத்தில் ஓட்டை என்று முன்பே எழுதி வைத்திருந்தவர்கள் கையில் அது வந்து சேர்ந்தது.

ப்ரைட்டன் கிளப் இதையே எதிர்ப்பக்கமிருந்து செய்கிறது. ஈக்வடாரிலிருந்து 2021இல் சில்லறை விலைக்கு வந்த மொய்செஸ் கைசெடோ 2023இல் செல்சிக்கு 10 கோடி பவுண்டுக்கும், கூடுதல் நிபந்தனைகள் நிறைவேறினால் 11.5 கோடிக்கும் போனார். ஜப்பானின் கவோரு மிதோமாவை 2021இல் வாங்கியபோது அவருக்கு இங்கிலாந்தில் ஆட அனுமதி கிடைக்காததால், ஓராண்டு பெல்ஜியத்தின் யூனியன் அணிக்குக் கடனாக அனுப்பிவிட்டு, 2022இல் அழைத்துக்கொண்டார்கள். கடனாகப் போகும் வீரரைப் பார்த்து 'கழற்றிவிட்டார்கள்' என்று சொல்லும் முன், அது ஆடும் நிமிடங்களுக்காகவா, அனுமதிக்காகவா, சம்பளச் சுமையை இறக்கவா என்று பிரித்துக் கேளுங்கள்.

ஒப்பந்தம் முடியும் ஆண்டை ஏன் எழுதச் சொன்னேன் என்பதற்கு ஒரே பெயர் போதும். ட்ரென்ட் அலெக்சாண்டர்-அர்னால்ட் ஆறு வயது முதல் லிவர்பூலில் வளர்ந்தவர். அவருடைய ஒப்பந்தம் 2025 ஜூன் முடிவில் தீர இருந்தது. ஒரு மாதம் முன்னதாகவே விடுவிப்பதற்காக ரியல் மாட்ரிட் சிறு தொகை ஒன்றைக் கொடுத்து அழைத்துச் சென்றது. ஒப்பந்தம் முடிந்த வீரருக்கு விலை கேட்க முடியாது என்பது 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் ஜான்-மார்க் போஸ்மன் வழக்கில் வழங்கிய தீர்ப்பு. இரண்டு ஆண்டு மிச்சமிருக்கும்போதே புதிய ஒப்பந்தமா விற்பனையா என்று கிளப் முடிவு செய்யாவிட்டால், முடிவு வீரரிடம் போய்விடும்.

விஏஆர்: மைதானத்தில் முதலில் சொன்னது என்ன?

காணொளி நடுவர் முறையைப் பற்றிய விவாதத்தில் முதல் வேலை, மறுகாட்சி திரையில் வருவதற்கு முன் மைதான நடுவர் என்ன முடிவு சொன்னார் என்று குறித்துக்கொள்வது. 2018 மார்ச்சில் ஆட்ட விதிகளை வகுக்கும் வாரியம் ஒப்புதல் தந்த நெறிமுறையின்படி கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் தெரியாமல் வேறொருவருக்கு அட்டை காட்டுவது என்ற நான்கில்தான் விஏஆர் தலையிடலாம் என்று இந்த முறை தொடங்கியது. அதுவும் தெளிவான, வெளிப்படையான பிழை இருந்தால் மட்டும். எனவே 'அது பெனால்டியா?' என்பது விஏஆர் அறையின் கேள்வி அல்ல. 'நடுவர் சொன்னது அப்பட்டமான பிழையா?' என்பதுதான் கேள்வி. ஒரே மாதிரியான மோதலுக்கு ஓர் ஆட்டத்தில் பெனால்டியும் இன்னோர் ஆட்டத்தில் இல்லையும் வந்து, இரண்டும் மாற்றப்படாமல் நிற்பது இதனால்தான். ஆஃப்சைடு, அதாவது பந்து அனுப்பப்படும் கணத்தில் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆட்டக்காரரைத் தாண்டி நிற்பது, வேறு வகை. அது அளவு, அங்கே 'வெளிப்படையான பிழை' என்ற தயவு கிடையாது.

2023 செப்டம்பர் 30 அன்று நடந்த டோட்டன்ஹாம்–லிவர்பூல் ஆட்டத்தில் இந்த இரு வகையும் ஒரே மாலையில் அகப்படுகின்றன. நமக்கு அது இரவு 10 மணி ஆட்டம். லிவர்பூலின் கர்டிஸ் ஜோன்ஸ், டோட்டன்ஹாமின் பிசூமாவின் காலை மிதித்ததற்கு நடுவர் முதலில் மஞ்சள் அட்டை காட்டினார். விஏஆர் அழைத்ததும் அவர் ஓரத்துத் திரைக்குப் போக, அங்கே முதலில் கண்ணில் பட்டது கணுக்காலின்மேல் பூட்ஸ் பதிந்து நிற்கும் அசையாத படம். மஞ்சள் சிவப்பானது. தொடுதல் எங்கே நிகழ்ந்தது என்பதற்கு மெதுவான காட்சியையும், வேகமும் கடுமையும் எவ்வளவு என்பதற்கு இயல்பான வேகத்தையும் பார்க்க வேண்டும் என்று நெறிமுறை சொல்கிறது. நிறுத்திய படத்தில் எந்த மோதலும் கொலைவெறியாகத்தான் தெரியும். லிவர்பூல் மேல்முறையீடு செய்தும் சிவப்பு அட்டை நின்றது. அது சரியான முடிவு என்று வாதிட இடமுண்டு. ஆனால் வீட்டில் நாம் வாதாடும்போது முழு வேகத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு, அதன்பின் மெதுவாகப் பார்ப்பதே முறை.

அடுத்து 34ஆவது நிமிடம், கோல் ஏதும் விழாத நிலை. லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் பந்தை வலைக்குள் செலுத்தினார். துணை நடுவர் ஆஃப்சைடு கொடி தூக்கினார். விஏஆர் அறையில் கோடு போட்டுப் பார்த்து அவர் ஆன்சைடு என்பதைச் சரியாகவே கண்டுகொண்டார்கள். ஆனால் மைதானத்தில் கோல் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று விஏஆர் நடுவர் தவறாக நினைத்திருந்ததால், 'சரிபார்த்தாயிற்று' என்று மட்டும் சொல்லிவிட்டார். மைதானத்தில் அதற்குப் பொருள் 'ஆஃப்சைடு சரி' என்பது. ஃபிரீ கிக் எடுத்து ஆட்டம் தொடங்கிவிட்டது. சில நொடிகளில் அறையில் இருந்த காட்சி இயக்குபவர் தவற்றைக் கண்டு சொல்ல, ஆட்டத்தை நிறுத்தும்படி இன்னொரு குரல் கேட்க, ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டதால் எதுவும் செய்ய முடியாது என்பதே விஏஆரின் பதிலாக இருந்தது. நடுவர் அமைப்பு சில நாளில் வெளியிட்ட ஒலிப்பதிவில் இவை எல்லாம் கேட்கின்றன. கூடுதல் நேரத்தின் 6ஆவது நிமிடத்தில் லிவர்பூல் வீரர் மாடிப்பின் சுயகோலால் டோட்டன்ஹாம் 2–1 என்று வென்றது. கோட்டில் பிழையில்லை, கேமராவில் பிழையில்லை. மைதான முடிவு என்ன என்று ஒருவர் திருப்பிக் கேட்காததே பிழை. அன்றைக்கு 'தொழில்நுட்பம் சரியில்லை' என்று எழுதியவர்களில் நானும் ஒருவன். ஒலிப்பதிவைக் கேட்ட பிறகு அந்த வரியைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

ஆஃப்சைடு அளவைப் பற்றி வாதாடுவதானால் ஒரு சின்னக் கணக்கு கைவசம் இருக்கட்டும். நொடிக்கு 50 படம் எடுக்கும் கேமராவில் இரு படங்களுக்கு இடைவெளி 0.02 நொடி. நொடிக்கு 10 மீட்டர் ஓடும் வீரர் அதற்குள் 20 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். பந்து காலை விட்டுப் பிரிந்த கணம் எந்தப் படம் என்பதைப் பொறுத்து விரல் நுனி ஆஃப்சைடும் ஆகலாம், ஆகாமலும் போகலாம். 2024 ஏப்ரலில் எஃப்ஏ கோப்பை அரையிறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 0–3 என்று பின்தங்கிய கவன்ட்ரி 3–3 ஆக்கி, கூடுதல் ஆட்டத்தின் கடைசி நொடிகளில் விக்டர் டார்ப் மூலம் நான்காவதையும் போட்டது. முன்னதாகப் பந்தைக் கொண்டுவந்த ஹாஜி ரைட்டின் கால்விரல் அளவுக்கு ஆஃப்சைடு என்று அது அழிக்கப்பட்டது. பெனால்டிகளில் யுனைடெட் வென்றது. பிரீமியர் லீக்கில் 2025 ஏப்ரல் 12 முதல் பாதித் தானியங்கி முறை வந்துவிட்டதால் கோடு போடும் நேரம் குறைந்தது. விரல் நுனிக்காக ஒரு கோலை அழிக்கலாமா என்ற கேள்வியைத் தீர்ப்பது அந்த முறையின் வேலை அல்ல. அது விதியை எழுதுபவர்களிடம் கேட்க வேண்டியது.

ஆஃப்சைடு இடத்தில் நிற்பவர் கோல்கீப்பருக்கு இடையூறு செய்தாரா என்பதையும் எந்தக் கேமராவாலும் அளக்க முடியாது. 2024 அக்டோபரில் உல்வ்ஸ் மைதானத்தில் கடைசி நிமிடத்தில் மான்செஸ்டர் சிட்டியின் ஜான் ஸ்டோன்ஸ் தலையால் போட்ட கோலை, உல்வ்ஸ் கோல்கீப்பர் ஜோசே சாவின் முன் சிட்டியின் பெர்னார்டோ சில்வா நின்றதற்காக மைதானத்தில் மறுத்தார்கள்; சில்வா பார்வையிலிருந்து விலகிவிட்டார் என்று விஏஆர் சொல்ல, கோல் தரப்பட்டு சிட்டி 2–1 என்று வென்றது. அதே ஆண்டு ஜூனில் விஏஆரையே ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்து 19–1 என்று தனியாகத் தோற்ற கிளப்பும் இந்த உல்வ்ஸ்தான். 2025 நவம்பரில் அதே சிட்டிக்கு எதிராக லிவர்பூலின் வான் டைக் தலையால் போட்ட கோலை, அவருடைய அணியின் ஆண்டி ராபர்ட்சன் சிட்டி கோல்கீப்பர் டோனரும்மாவின் முன் நின்றதற்காக மறுத்தார்கள்; இம்முறை விஏஆர் தலையிடவில்லை. 'ஒரே விஷயத்துக்கு இரண்டு நீதி' என்று எங்கள் குழு கொதித்தது. இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டுக் உடல் அசைவை மட்டும் பார்க்கச் சொன்னேன். சில்வா பந்து வரும்போது விலகி நின்றார். ராபர்ட்சன் தன் தலைக்கு மேல் பந்து போகக் குனிந்தார். எதிராளியின் ஆட்டத்தைப் பாதிக்கும் வெளிப்படையான அசைவு என்று விதி சொல்வதற்குள் அந்தக் குனிதல் அடங்குமா என்பதே கேள்வி. அடங்காது, டோனரும்மா எப்படியும் அதைப் பிடித்திருக்க மாட்டார் என்பது என் கட்சி. அடங்கும் என்பது குழுவில் ஒரு தம்பியின் கட்சி. அப்பட்டமான பிழை என்று சொல்ல முடியாததால் மைதான முடிவு நின்றது என்பதை மட்டும் இருவரும் ஒப்புக்கொண்டோம்; குனிந்ததைப் பற்றிய வாதம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.